மெட்டல் வால்வு, ரத்தக் கட்டி: புதுப்பிப்பு

இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு மெட்டலா, திசுவா என்ற முந்தைய இழைக்குப் பிறகு பலர் கேட்டது: ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை; எண் ஏறினால் கசிவு ஆபத்து, இறங்கினால் கட்டி ஆபத்து) பார்க்கத் தேவையில்லாத, ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைக்கு மாறலாமா?

மெட்டல் வால்வு என்றால் கூடவே கூடாது. புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரான் ஆய்வில் ரத்தக் கட்டி, ரத்தக் கசிவு இரண்டுமே கூடியதால் 2012-இல் பாதியில் நிறுத்தினார்கள். 2022-இல் இன்னொரு புது மாத்திரையான அபிக்சபான் ஆய்வும் ரத்தக் கட்டிப் பிரச்சினையால் நின்றது. ஐ.என்.ஆர். பார்த்து எடுக்கும் பழைய மாத்திரைகளான அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்தான் வழி.

ஐ.என்.ஆர். இலக்கு பொதுவாகப் பெருந்தமனி வால்வுக்கு 2.5, இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வில் ரத்தம் மெதுவாக ஓடுவதால் 3.

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்; அதற்காகக் கீரையை விட வேண்டாம், அளவு மாறாமல் சாப்பிடுங்கள். நிஜமான ஆபத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில்: வயிற்றுப்போக்குக்கான மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும்; நிறுத்திய பிறகு மெல்ல ஏறும்.

வால்வின் 'டிக்' சத்தம் மங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.