எக்செல்ல இருக்குற புது விலையை டேட்டாபேஸ்ல ஏத்துறது எப்படி?

கேள்வி:
மளிகைக்கடை பில்லிங், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். டீலர் எக்செல்ல புது விலைப்பட்டியல் அனுப்பிருக்காரு, ஏற்கனவே இருக்குற பொருளுக்கு விலை மட்டும் மாறணும், ஸ்டாக், வரி எதுவும் மாறக்கூடாது. எப்படிங்க பண்றது?

பதில் 1:
நேரா மெயின் டேபிள்ல கை வைக்காதீங்க ப்ரோ. ஷீட்டை சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்) சேவ் பண்ணி லோட் டேட்டா கமாண்ட் வச்சு தனியா ஒரு டெம்பரரி டேபிள்ல ஏத்துங்க, அப்புறம் பார்கோடு வச்சு ரெண்டையும் ஜாயின் பண்ணி (இணைச்சு) விலை காலத்தை (column) மட்டும் அப்டேட் பண்ணுங்க. ரீப்ளேஸ் கமாண்ட் வேணவே வேணாம், அது அந்த பொருளோட பழைய ரோவை (row) முழுசா அழிச்சிட்டு புதுசா போடும், ஸ்டாக் போயிடும்.

பதில் 2:
பார்கோடுல கவனம்ங்க. 890ல ஆரம்பிக்கிற 13 இலக்க நம்பரை எக்செல் 8.90ஈ+12னு சுருக்கிடும், அப்படியே சிஎஸ்வி எடுத்தா மிச்ச இலக்கம் காலி, ஒண்ணுமே மேட்ச் ஆகாது. பார்கோடு காலத்தை தசமம் இல்லாத நம்பர் ஃபார்மேட்டுக்கு மாத்திட்டு சேவ் பண்ணுங்க. முன்னாடி சைபர் வர்ற கோடு இருந்தா டீலர்கிட்டயே டெக்ஸ்ட்டா கேட்டு வாங்குங்க.

பதில் 3:
அப்டேட்டுக்கு முன்னாடி அதே ஜாயினை செலக்ட்ல (எதையும் மாத்தாம காட்ட மட்டும் செய்யும்) ஓட்டி பழைய விலை புது விலை பக்கத்துல பக்கத்துல பாத்துடுங்க, டேபிள் இன்னோடிபியா (மாத்துனதை திரும்ப எடுக்க விடுற மைஎஸ்க்யூஎல் டேபிள் வகை) இருந்தா ஸ்டார்ட் டிரான்சாக்ஷன் போட்டுட்டு ஆரம்பிங்க, தப்பா தெரிஞ்சா ரோல்பேக் போட்டு பழைய நிலைக்கே திரும்பிடலாம். பேக்கப் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
அந்த 8.90ஈ+12 தான் என் ஃபைல்லயும் இருக்கு! மாத்திட்டு ஏத்துறேன், ரொம்ப நன்றிங்க.