பெயரில்லாத சீட்டுகள்: சபை ஊழியருக்கு மக்கள் வாக்கில் விருது, நீங்கள் கண்டது என்ன?

வாவிக்கரை

உள்ளூராட்சிச் சபையின் சிறந்த ஊழியரை மக்கள் வாக்கில் தெரிவது எப்படி நடக்கும் என்று இந்தக் களத்தில் எல்லாருக்கும் தெரியும். நூலகத்தில் ஒரு பெட்டி, பொதுச் சந்தையில் ஒன்று, சபையின் முன் அலுவலகத்தில் ஒன்று. சீட்டில் மூன்று கோடு: ஊழியர் பெயர், பதவி, காரணம். எந்தச் சபை என்பது வேண்டாம். எண்ணும் மேசையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பெயரில்லாத சீட்டு நிராகரிக்கப்படும் என்று விதி. பெட்டியைக் கொட்டியதும் மேசையின் இடது ஓரத்தில் ஒரு குவியல் சேரத் தொடங்கியது. "குப்பை மெசின்ல பின்னால நிக்கிற தம்பி." "நோன்பு காலத்தில விடிய முந்தியே வாற காக்கா (அண்ணன்)." "மையவாடிப் (இடுகாட்டு) பத்தையை வெட்டின ஆக்கள்." பெயர்க் கோடு வெறுமையாக இருந்தது. காரணம் நிரம்பி வழிந்து சீட்டின் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. வலது பக்கம் செல்லுபடியான சீட்டுகள்: முதலெழுத்தோடு முழுப்பெயர், காரணத்தில் "நல்ல சேவை", "நல்ல மனிசன்".

இடது குவியலில் ஒன்று, வீதியோர வடிகாலான கான் அடைத்த நாளைப் பற்றி: "கார்த்திகை மழைக்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறின நேரம், மூணு பேர் வந்து கான் மூடியை அலவாங்கால கிளப்பி, நெஞ்சு மட்டுத் தண்ணிக்க இறங்கி நிண்டு ஒரு பழைய பாயை இழுத்தெடுத்தாங்க. கொஞ்ச நேரத்தில முத்தம் தெரிஞ்சிது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னன், அடுத்த ஒழுங்கைக்குப் போயிட்டாங்க. பேர் கேக்கல்ல." வாசித்தார்கள், நிராகரிக்கப்பட்டது என்று முத்திரை குத்தினார்கள், அடுத்த சீட்டை எடுத்தார்கள்.

வென்றவர் முன் அலுவலகத்தில் இருக்கும் உத்தியோகத்தர். அவர் தகுதியானவர்தான். ஜனவரி 31க்கு முன் முழு வருடச் சோலை வரியையும் (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) கட்டினால் 10 வீதம் கழிவு என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னவர். ஆனால் அந்தப் பாய்ச் சீட்டு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. உங்கள் பக்கம் இப்படி நடந்ததா?

கான்கட்டு

அந்த மூன்று பேரும் நல்ல வேலைக்காரர். கூடவே அன்று வாவியும் இறங்கி நின்றிருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் நிலம் தட்டை. கானில் ஓடும் தண்ணீர் கடைசியில் வாவிக்குள் விழ வேண்டும். வாவி நிரம்பி, பாலமீன்மடு முகத்துவாரம், அதாவது வாவி கடலில் சேரும் வாயின் மணல் திட்டு, வெட்டப்படாமல் இருந்தால் கான் எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் தண்ணீர் அசையாது. வெட்டுவதா பொறுப்பதா என்பது மாவட்ட மட்டத்தில் எடுக்கும் முடிவு. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரர் வெட்டச் சொல்வார்கள், மீன்பிடிகாரர் பொறுக்கச் சொல்வார்கள். கானுக்குள் இறங்கும் தொழிலாளிக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது.

இன்னொரு வாக்கெடுப்பில் கண்டது இது. அதே மாதிரி ஒரு குழு, அதே மாதிரி வேலை, ஆனால் வாவி நிரம்பிய கிழமை. கானிலிருந்து பாளையும் குழந்தைகளின் பம்பர்ஸும் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய எடுத்தார்கள், தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சீட்டில் வந்த வரி: "சபைக்காரன் கானைத் திரும்பியும் பாக்கல்ல." எழுதிய வீட்டுக்கு முன்னால்தான் அவர்கள் விடியலிலிருந்து நின்றார்கள்.

உண்மையான கான் வேலை ஆவணி தொடங்கி ஐப்பசிக்குள் முடிவது. தண்ணீர் விழும் வாயிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். வீதிப் பக்கமிருந்து தொடங்கினால் கிளறிய சேறெல்லாம் கீழே போய் வாயை அடைக்கும். அள்ளிய மண்ணை ஓரத்தில் குவித்துவிட்டுப் போகவும் கூடாது, ஒரு மழையில் திரும்ப உள்ளே விழும். அன்றைக்கே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற வேண்டும். இதைச் சரியாகச் செய்த குழுவின் ஒழுங்கையில் மாரியில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காத ஒழுங்கையிலிருந்து ஒரு சீட்டும் வராது. மழைக்குள் இறங்கி நின்றவருக்குச் சீட்டாவது வருகிறது. மழைக்கு முன்பே முடித்தவருக்கு அதுவும் இல்லை.

ஆகவே வாக்கெடுப்பை மார்கழியில் வைக்காதீர்கள். மாசி, பங்குனியில் வையுங்கள். "இந்த மாரியில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நின்றதா" என்று சீட்டிலேயே கேளுங்கள். "இல்லை" என்று வரும் ஒழுங்கைகளை வைத்து அந்தக் குழுவைத் தேடலாம்.

கடற்கரைப்பள்ளி வீதி

பெயர் இல்லாததுதான் பிரச்சினை என்று வாவிக்கரை சொல்வதை முழுதாக ஏற்க முடியாது. பெயர் ஒழுங்காக இருந்த சீட்டுகளிலும் பெரும் பங்கு சபை ஊழியருக்கு விழவில்லை. அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது கண்டது: கிராம உத்தியோகத்தர், அரச நலனுதவி பார்க்கும் சமுர்த்தி உத்தியோகத்தர், தண்ணீர் மானி வாசிப்பவர், மின்சாரசபைத் தம்பி. ஒருவர்கூடச் சபைக்காரர் இல்லை. கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவர். பிரதேச சபை மக்கள் தெரியும் உள்ளூராட்சி, பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊரில் சனம் எப்படிப் பிரித்தறியும்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிரதேச சபைப் பகுதியில் அவர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்காரர்.

சந்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு உம்மா (தாய்) நின்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது: "மகன், லைட்டுப் போட்ட பொடியனுக்குப் போடணும். அவன் கரண்ட் கந்தோரா, சபையா?" நின்ற நாலு பேருக்கும் விடை தெரியவில்லை. கம்பமும் கம்பியும் மின்சாரசபையுடையது. தெருவிளக்கும் அதைப் பிடித்திருக்கும் கையும் இருட்டினால் தானே எரிய வைக்கும் சென்சரும் சபையுடையவை. பகலிலும் எரிந்துகொண்டிருந்தால் அநேகமாகச் சென்சர் பழுது, சபைக்குச் சொல்ல வேண்டும். ஒரு வீதி முழுக்க வீடுகளோடு சேர்த்து இருண்டால் மின்சாரசபைக்கு. உம்மா சொன்ன பொடியன் சபைக்காரன்தான். அதைச் சொல்ல ஆள் வருவதற்குள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டிக்கு மேல் ஒரு தாள் ஒட்டினால் போதும்: குப்பை, கான், தெருவிளக்கு, உள்வீதி, சந்தை, நூலகம், மலசலகூடக் குழி இறைக்கும் பவுசர், கட்டாக்காலி மாடு, மையவாடி. இந்த வேலையில் யார் உங்களுக்கு உதவினார் என்று கேளுங்கள். பதவிப் பெயரைக் கேட்காதீர்கள். சபைக்குள் வேலை செய்பவருக்கே சில பதவிப் பெயர்கள் வாயில் வராது.

ஓட்டப்பதிவு

பெயரில்லாத சீட்டை நிராகரிக்கத் தேவையே இல்லை. ஆளைக் கண்டுபிடிக்கும் பதிவு சபைக்குள்ளேயே இருக்கிறது.

ரன்னிங் சார்ட் என்று சொல்லும் ஓட்டப் பதிவேடு ஒவ்வொரு வாகனத்துக்கும் உண்டு. திகதி, மானி வாசிப்பு, போன இடம், போன காரணம், சாரதியின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். வரவுப் பதிவேட்டில் அன்று வந்த தொழிலாளர் யாரென்று இருக்கும். முறைப்பாட்டுப் பதிவேட்டில் யார் அழைத்தார், எந்த ஒழுங்கை என்று இருக்கும். சீட்டில் வீதி, ஏறத்தாழ எந்த நாள், என்ன வேலை என்ற மூன்றும் இருந்தால் இந்த மூன்று பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஆளைப் பிடிக்கலாம். நாள் தெரியாவிட்டால் "பெருநாளைக்கு முதல் கிழமை", "கோயில் கொடியேறின அன்று" என்று எழுதினாலும் போதும். எண்ணுகிறவர் நாட்காட்டி பார்ப்பார்.

தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, வர முடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் போன நாள். ஓட்டப் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டே ஆக வேண்டும், அவர் சொன்னதைச் சீட்டின் பின்னால் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு, "கல்முனை நகரம்" என்றோ "ஆரையம்பதி" என்றோ மொத்தமாகப் போன இடத்தை எழுதும் சாரதி. அங்கே முறைப்பாட்டுப் பதிவேடுதான் கை கொடுக்கும்.

ஒரு வாக்கெடுப்பில் இப்படிச் செய்து பார்த்தார்கள். "காலில வெட்டுக்காயத்தோட வந்து குப்பை எடுத்தவர்" என்று ஒரு சீட்டு. பதிவேடுகளைப் புரட்டியபோது அந்தக் கிழமை விபத்துப் பதிவில் ஒருவர் பெயர். சீமெந்துப் பையில் யாரோ கட்டிப் போட்ட உடைந்த கண்ணாடி, தூக்கும்போது தொடையைக் கிழித்திருக்கிறது. மூன்று தையல். அடுத்த நாளும் வரவு போட்டிருந்தார்.

கல்லடிப் பாலம்

பெட்டி, பதிவேடு எல்லாம் சரி. இப்போது பாதிச் சபைகள் இணையத்தில் வாக்குப் போடும் இணைப்பைப் பகிரத்தான் பார்க்கின்றன. ஓட்டப்பதிவு சொன்னது அதில் எடுபடாது.

கண்டது சுருக்கமாக: கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்கு மூன்றாவது இடத்தில் இருந்தவர் பன்னிரண்டுக்கு முதலிடம். மோசடி ஒன்றும் இல்லை. அவருடைய சொந்தக்காரர் கட்டாரிலும் சுவிஸிலும் கனடாவிலும் இருந்து இணைப்பைக் குடும்பக் குழுக்களில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சபையின் குப்பை வண்டியைப் பல வருடமாகக் காணாத ஆட்கள். இரண்டாம் இடத்துக்குப் போனவர் குழி இறைக்கும் கலி பவுசரில் குழாய் பிடிப்பவர். மழை காலத்தில் நிலத்தடி நீர் ஏறி வீட்டுக்கு வீடு குழி நிரம்பும்போது ஒரு நாளும் ஓய்வில்லாதவர். அவருக்கு வெளிநாட்டில் ஆள் இல்லை.

இதற்குச் சோலை வரி இலக்கத்தைக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். கூடாது. வாடகைக்கு இருப்பவர், வரி மதிப்பீடு இல்லாத உள்ளூர்ப் பகுதியில் இருப்பவர், வீட்டின் பெண்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அடையாள அட்டை இலக்கம் வாங்குவது அதைவிட மோசம், அந்தப் பட்டியலைப் பூட்டி வைக்க யாரும் பொறுப்பெடுப்பதில்லை. உள்ளூர் கைபேசி இலக்கத்துக்கு ஒருமுறை எண் அனுப்பி, ஒரு இலக்கத்துக்கு ஒரு வாக்கு என்று வைக்கலாம். கைபேசி இல்லாதவருக்குப் பெட்டியும் இருக்க வேண்டும். வாக்கு எண்ணிக்கை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அது ஓட்டப் போட்டியாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், தொழில்வாரியாகப் பிரியுங்கள்: அலுவலகம், வெளிக்களம், சாரதியும் இயந்திரமும், நூலகமும் முன்பள்ளியும். முன் அலுவலகத்தாரும் கானில் இறங்குபவரும் ஒரே பட்டியலில் நின்றால் முடிவு எண்ணாமலே தெரியும்.

குப்பை கொட்டும் இடத்தில் வேலை செய்பவருக்குத் தனியாக ஒரு வழி வேண்டும். அம்பாறை மாவட்டப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தது 2022இல் உலகச் செய்தியானது. அப்படி இடங்களில் வேலியும் நெருப்பும் புகையும் பார்த்துக்கொள்பவருக்கு வாக்குப் போட அங்கே குடியிருப்பவர் யார்? சக ஊழியரின் வாக்கை அந்தப் பிரிவுக்கு மட்டும் எடுக்கலாம்.

உறுப்பினர்கள் பற்றியும் ஒன்று. பதவிக்காலம் முடிந்த 2023 மார்ச் 19க்குப் பிறகு 2025 மே 6 தேர்தல் வரை அநேகமான சபைகளில் உறுப்பினர் இல்லை. சனம் நேரே ஊழியரிடம்தான் போனது, பெயரும் முகமும் பழகியது. இப்போது வட்டாரத்துக்கு உறுப்பினர் வந்துவிட்டார். "நம்மட வட்டாரத்து ஆள்" என்று வாக்குச் சேர்ப்பது தொடங்கிவிடும். எண்ணும் மேசையில் உறுப்பினர் இருக்கக் கூடாது, அவருக்கு வேண்டியவரும் இருக்கக் கூடாது.

தனிக்கோவை

பரிசைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மேடையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் பணக் கவரை நீட்டினார். வாங்கியவர் அவருடைய வீதி வேலையை அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் அந்தப் படம் அவருக்குத்தான் ஆபத்து. சபையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எவரிடமும் பரிசுக்குக் காசு எடுக்காதீர்கள். சான்றிதழ் கொடுங்கள், அதன் பிரதியை ஊழியரின் தனிப்பட்ட கோவையில் (பைலில்) போடுங்கள். வெளிக்களத்தாருக்குத் தடித்த கையுறை, முழங்கால் சப்பாத்து, மழை அங்கி சபைச் செலவில் எப்படியும் கொடுக்க வேண்டியவை. அவற்றைப் பரிசு என்று சுற்றிக் கொடுக்காதீர்கள்.

இடமாற்றத்தையும் கவனியுங்கள். வருடாந்த இடமாற்றம் ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தால், போன வருட வேலைக்கு வென்ற உத்தியோகத்தர் விழா நாளில் வேறு சபையில் இருப்பார். அழைப்பு அந்தச் சபைக்கும் போக வேண்டும்.

வாவிக்கரை

கடற்கரைப்பள்ளி வீதி சொன்ன தாள் அடுத்த முறை ஒட்டப்படும். விதியும் மாறுகிறது: பெயர் அல்லது வீதி, நாள், வேலை. "நிரந்தர ஊழியர்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள், அது இருந்தால் நாட்கூலியில் குப்பை ஏற்றுபவர் எவரும் உள்ளே வர முடியாது.

அந்தப் பாய்ச் சீட்டுக்கு ஓட்டப்பதிவு சொன்னபடி பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஒழுங்கையின் பெயர் சீட்டில் இருந்தது, முறைப்பாட்டுப் பதிவேட்டில் நாளும் கிடைத்தது. வரவுப் பதிவேட்டில் அந்தக் குழுவுக்கு இரண்டு கையெழுத்துத்தான். சீட்டில் மூன்று பேர். மேற்பார்வையாளருக்கும் மூன்றாமவர் நினைவில்லை.

ஓட்டப்பதிவு

மூன்றாமவர் நாட்கூலியாக இருப்பார். வெள்ள நேரம் அவசரத்துக்கு எடுப்பவர்கள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, கூலிப் பற்றுச்சீட்டில்தான் போடுவார்கள். அது கணக்குப் பகுதியில் மாதவாரியாகக் கட்டி வைத்திருப்பார்கள். கார்த்திகைக் கட்டில் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். வெள்ள மாதத்துக் கூலி அநேகமாக மார்கழியில்தான் கொடுபடும், அந்தக் கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள்.