பூ நிறைந்தும் காய் பிடிக்காத பரங்கி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகே, மாந்தோப்புகளுக்கு நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அதில் அரை ஏக்கரில் கார்த்திகைக் கடைசியில் பரங்கி ஊன்றுவது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன், கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறைந்திருந்த வேளையில், நெல்லிக்காய் அளவு வந்த பிஞ்சுகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. சத்துக் குறைவு என்று எண்ணி உரம் வைத்தேன், பயனில்லை.

பார்க்க வந்த பெரியப்பா விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் கவனித்துவிட்டு, "பூவுல ஒரு ஈ கூட உக்காரலையேப்பா, காய் எங்கிருந்து பிடிக்கும்?" என்றார். நான் ஆண் பூ ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மணி ஒன்பதைத் தாண்டி இதழ் வாடத் தொடங்கியிருந்தும், மகரந்தம் மஞ்சள் தூள்போல் கலையாமல் அப்படியே இருந்தது. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒட்டும் தன்மையுள்ள அந்த மகரந்தத்தைக் காற்று கொண்டுசேர்க்காது, பூ மூடுவதற்குள் தேனீதான் கொண்டுசேர்க்க வேண்டும். மறுநாளிலிருந்து நானும் மனைவியும் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவின் சூல்முடியில் தடவினோம். தடவிய பூக்களில் பெரும்பாலானவை காயாக நின்றன. ஆனால் அரை ஏக்கர் முழுவதையும் இரண்டு பேர் காலை மூன்று மணி நேரத்தில் தொட்டு முடிக்க இயலாது.

அடுத்த ஆண்டு, பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் நாட்டுத் தேனீயான அடுக்குத் தேனீக்குப் பெட்டிகள் இரண்டு வைத்தோம், காய் பிடித்தது. மாசியில் பக்கத்து மாந்தோப்பு பூத்திருந்தபோது, குத்தகைக்காரர் மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்காகக் காலை வெயிலில் மருந்து அடித்தார். மறுநாள் ஒரு பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. பலவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. கையில் எடுத்தபோது சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் கோபமாகத்தான் போனேன். தேனீ ஒரு கிலோமீட்டர் தூரமும் பறந்து மேயும், மாம்பூவுக்கும் ஈக்களும் தேனீக்களும்தான் மகரந்தம் சேர்க்கின்றன என்று சொன்னபோது அவர் உண்மையாகவே திகைத்தார். இப்போது பூ விரியும் முன்பே அடிக்கிறார்; தவிர்க்க முடியாதபோது முந்தின நாளே சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்தபின் அடிக்கிறார்.

மருந்து மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1991-92இல் தென்னிந்தியாவில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் நோய் அடுக்குத் தேனீக்களைப் பெருமளவு அழித்தபோது, எங்கள் கிணற்றுப் பொந்துகளும் வெறிச்சோடிப் போனதைப் பெரியப்பா இன்றும் சொல்வார். எனக்குப் பெரிய கவலை மேய்ச்சல்தான்: மாம்பூ முடிந்தபின் சுற்றுவட்டாரத்தில் தேனீக்குப் பூவே இல்லை. முன்பு மானாவாரியில் உச்செள்ளு என்ற எண்ணெய் வித்துப் பயிரை விதைத்தார்கள். ஐப்பசியில் காடே மஞ்சளாகும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காத அந்தப் பயிருக்குத் தேனீ வேண்டும், தேனீக்கும் அது வேண்டும்.

மிஞ்சிய ஒரு பெட்டிக்காக, கிணற்று மேட்டில் கால் ஏக்கரை உச்செள்ளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்தில் யாரேனும் இன்னும் விதைத்து வந்தால், இரண்டு கிலோ விதை விலைக்குக் கிடைக்குமா என்று தெரிவியுங்கள்.