டயமண்ட் கோபி: வயிறு ஒட்டிப்போச்சு, பாறை ஆடுது, பவளம் மேல மணல் மழை

உப்புத்தொட்டி:
வணக்கம். என் கடல்மீன் தொட்டி 90×45×45 செ.மீ., 180 லிட்டர் சொச்சம். கீழே சம்ப் (வடிகட்டற துணைத்தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையா பிரிக்கற கருவி) இருக்கு. அடியில சர்க்கரை மாதிரி பொடி மணல், 4 செ.மீ. உயரம். மணல் மேல பழுப்புப் படலம் விடாம வந்துட்டே இருந்ததால கடைக்காரர் பேச்சைக் கேட்டு, மணலைச் சலிக்கற டயமண்ட் கோபி மீன் ஒண்ணு விட்டேன். ஏழு வாரம் ஆச்சு. மணல் வெள்ளை வெளேர்னு இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது.

ஆனா மீனோட வயிறு உள்ளே ஒட்டிப்போச்சு. இடதுபக்கப் பாறைக்கு அடியில குழி தோண்டி, பாறை 2 செ.மீ. சரிஞ்சிருக்கு. மணல்ல வச்ச ட்ராக்கிபில்லியா பவளம் தினமும் பாதி புதைஞ்சு கிடக்கு. வயித்துல புழுவா, இல்ல பசியா? தினமும் ராத்திரி ஒரு தடவை மிதக்கும் ஃபிளேக் போடறேன், மத்த மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த மீனைத் திருப்பிக் கொடுத்துடலாமா?

ஆழிப்பூ:
பெரும்பாலும் பசிதான். அது மணலைச் சுத்தம் செய்வதாக நமக்குத் தோன்றுகிறது. அது பாட்டுக்குச் சாப்பாடு தேடுகிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்: வாய் நிறைய மணலை அள்ளும், தாடை மெல்லுவதுபோல் அசையும், இரண்டு செவுள் வழியாகவும் மணல் தாரையாகக் கொட்டும். அந்த இரண்டு மூன்று நொடியில் மணலில் இருந்த கோப்பிபாட், ஆம்பிபாட் என்ற பொடி இறால்வகை உயிர்களையும் சின்னப் புழுக்களையும் மட்டும் வடிகட்டி விழுங்கிவிடும். படலம் காணாமல் போவது மணல் புரள்வதால்தான். பழுப்பை அது தின்பதில்லை.

உங்கள் தொட்டியின் அடிப்பரப்பு 90×45, அதாவது 4,050 சதுர செ.மீ. பாறை போக மிஞ்சுவது இரண்டு மூன்று பெரிய தாம்பாளம் அளவு. இந்த மீன் நாள் முழுக்க மேயும். அந்த இடத்தில் இருந்த உயிர்களைச் சில வாரங்களில் காலி செய்துவிடும். மணல் எவ்வளவு வெள்ளையாக மினுக்குகிறதோ அவ்வளவு குறைவாக அதில் சாப்பாடு இருக்கிறது. ஃபிளேக் மேலே மிதக்கும்போது மற்ற மீன்கள் தின்றுவிடும், கீழே இருக்கும் கோபிக்கு ஒன்றும் வந்து சேராது.

இன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை. உறைந்த மைசிஸ் (பொடி இறால்) கட்டியில் பாதியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள். முதலில் மற்ற மீன்களுக்குத் தொட்டியின் ஒரு மூலையில் கொஞ்சம் போட்டு மயக்குங்கள். பிறகு வேவ்மேக்கரை (தண்ணீரை அலையாக ஓடவைக்கும் பம்ப்) பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, நீளமான பிளாஸ்டிக் குழாய் மாட்டிய பிழிகுப்பியால் கோபியின் வளை வாசலில் பீய்ச்சுங்கள். கண்டுகொள்ளவில்லை என்றால் குழாய் முனையை மணலில் அரை செ.மீ. குத்தி உள்ளேயே விடுங்கள். மணலில் இருந்து எடுப்பதுதானே அதற்குப் பழக்கம், அப்படியே பிடித்துக்கொள்ளும். பழகியபின் 1 மி.மீ. அளவுள்ள மூழ்கும் பெல்லட்டும் தின்னும். வெறும் ஆர்ட்டீமியாவை (உப்பளத்து இறால்) மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது.

இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தின்றும் முதுகு கத்தி முனைபோல் இருந்து, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் அப்போது ஒட்டுண்ணியைச் சந்தேகப்படலாம். அதற்குத் தனித் தொட்டியில் வைத்து மெட்ரோனிடசோல் மருந்து கலந்த உணவு. பிரதான தொட்டியில் பிராசிகுவாண்டெல் என்ற புழுமருந்தை ஊற்றிவிடாதீர்கள், மணலில் உள்ள புழுக்களும் ஃபெதர் டஸ்டர் என்ற விசிறிப்புழுவும் அடிபடும்.

கல்லடுக்கு:
வயித்தை அவர் சொல்லிட்டார், நான் பாறைக்கு வர்றேன். இதைத்தான் முதல்ல பாருங்க, மீன் இளைக்க வாரக்கணக்கு ஆகும், பாறை சரிய ஒரு நிமிஷம் போதும். கண்ணாடி போச்சுன்னா 180 லிட்டர் உப்புத் தண்ணி ஹால்லதான்.

நீங்க மணலைக் கொட்டிட்டு அது மேல பாறையை வச்சிருக்கீங்க, அதான் சிக்கல். பாறை அடிக்கண்ணாடியில உட்காரணும், மணல் அதைச் சுத்தி வரணும். அப்புறம் கோபி எவ்வளவு தோண்டினாலும் பாறை அசையாது.

தொட்டியைக் காலி பண்ண வேண்டாம். உப்பு அடர்த்தி 1.025, தொட்டியோட அதே சூடு, 40 லிட்டர் தண்ணி முந்தின நாளே கலந்து வைங்க. மேல்பாறையை எடுத்து தொட்டித் தண்ணி நிறைஞ்ச பக்கெட்ல போடுங்க. கீழ்ப்பாறையைத் தூக்குங்க. அது இருந்த இடத்து மணலை 12 மி.மீ. குழாய்ல உறிஞ்சி கண்ணாடி தெரியிற வரைக்கும் எடுங்க. அரை அங்குல பிவிசி குழாயை 4 செ.மீ. துண்டா வெட்டி, பாறைக்கு அடியில மூணு கால் மாதிரி எப்பாக்சி புட்டி வச்சு ஒட்டினா இன்னும் நல்லது. பாறை எடை ஒரே புள்ளியில அழுந்தாம இருக்க கீழே மெல்லிசா அக்ரிலிக் தகடு. சிலர் டியூப்லைட் மூடி மாதிரி கட்டம் போட்ட பிளாஸ்டிக்கை வைப்பாங்க, அதை பாறையை விட ரெண்டு செ.மீ. உள்ளடக்கி வெட்டணும், இல்லைன்னா கோபி தோண்டித் தோண்டி அதை வெளியே காட்டிடும்.

இதுல எல்லாரும் விடற தப்பு ஒண்ணு: கை உள்ளே போனதும் கோபி ஓடி ஒளியிறது அந்தப் பாறைக்கு அடியில இருக்கற வளையிலதான். மீன் எங்க இருக்குன்னு கண்ணால பார்க்காம பாறையை இறக்காதீங்க. வச்ச பிறகு மேல்பாறையைக் கையால நல்லா ஆட்டிப் பாருங்க. ஆடினா புட்டி வைங்க.

மணல் எடுக்கும்போது கருப்பா அடுக்கு தெரிஞ்சு அழுகின முட்டை வாசனை வந்தா கிளறாதீங்க. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உறிஞ்சி வெளியே தள்ளுங்க, ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். அடுத்த ரெண்டு நாள் அமோனியா பாருங்க.

நீலவளை:
சர்க்கரை மணலை மாற்றுவது பற்றியும் யோசியுங்கள். 0.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் கோபி துப்பும்போதெல்லாம் தண்ணீரில் மிதந்து, வேவ்மேக்கர் அதைத் தூக்கிப் பவளத்தின் மேல் போடும். 1 முதல் 2 மி.மீ. அரகோனைட் மணல் (கால்சியம் கார்பனேட்) கனமாக நேரே கீழே விழும். அதற்கும் பெரிய, கூரான உடைந்த பவளத்துண்டு போட்டால் வாயும் செவுளும் கிழியும், மீனும் சல்லடை போடுவதை நிறுத்திவிடும். 4 செ.மீ. உயரத்துக்கு பாறை போக உங்களுக்கு 18 கிலோ போதும்.

இன்னொன்று, உங்கள் மீன் டயமண்ட் என்பதால் இந்த மணல் மழை கம்மி. மஞ்சள் தலையுள்ள ஸ்ட்ரிகாட்டா கோபி என்றால் வாயில் மணலோடு தரையிலிருந்து நன்றாக மேலே எழும்பி, பவளத்தின் தலைக்கு நேராகவே கொட்டும். டயமண்ட் பெரும்பாலும் தரையை ஒட்டியே துப்பும். அதனால் ட்ராக்கிபில்லியாவை 8 செ.மீ. உயரத் தட்டைப் பாறை மேல் ஏற்றினாலே பாதித் தொல்லை ஒழியும். மிச்சத்தைக் காலையில் பிழிகுப்பியால் மெல்ல ஊதிவிடுங்கள். நாள்கணக்கில் புதைந்து கிடந்தால் சதை அழுகும்.

கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணலுக்கு 3 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள். கோபி தெளித்த ஒரே ஒரு மணல்துகள் இடையில் சிக்கினாலே போதும், கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழும்.

அலைவாசி:
குறுக்கே ஒரு கேள்வி. நான் சென்னை. மெரினா மணலைக் கழுவிப் போட்டா ஆகாதா?

நீலவளை:
வேண்டாம். அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அரகோனைட் மாதிரி கால்சியம் கார்பனேட் கிடையாது. நம் கரையோர மணலில் இல்மனைட் போன்ற கருங்கனிமம் கலந்திருக்கும், வலுவான காந்தத்தில் ஒட்டி அதே கோடு விழும். அழுக்கு தனிக்கதை. மன்னார் வளைகுடாவில் பவளத்துண்டு பொறுக்கும் யோசனையும் வேண்டாம். கடினப் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

உப்புத்தொட்டி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை பாறை வேலை. கோபிக்கு உதவியா மணல் நட்சத்திரமீன் ஒண்ணு விடலாம்னு கடையில சொல்றாங்க. படலமும் திரும்ப வராதுல்ல?

ஆழிப்பூ:
நட்சத்திரமீனுக்கும் அதே மணலில் உள்ள அதே உயிர்கள்தான் சாப்பாடு. இருக்கும் ஒரு தட்டுக்கு இரண்டு பேர். அது இளைப்பது வெளியே தெரியாது. சில மாதம் கழித்து கை நுனி கரைந்து விழும்போதுதான் தெரியும். மிச்ச உணவுக்கு நசாரியஸ் நத்தை ஐந்தாறு போதும்.

பழுப்புப் படலத்தின் வேரை வேறு இடத்தில் தேடுங்கள். டயட்டம் (பழுப்பு நுண்பாசி) என்றால் அதற்குத் தீனி சிலிகேட், ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 0 காட்டுகிறதா பாருங்கள். காட்டவில்லை என்றால் கடைசிக் கட்டத்து டிஐ ரெசின் தீர்ந்திருக்கும்.

கல்லடுக்கு:
என் கணக்குல 180 லிட்டர் இந்த கோபிக்குச் சின்னது. மூணு வேளை போட நேரமில்லைன்னா கூச்சப்படாம திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா சாகும்.

ஆழிப்பூ:
மூணு வேளை முடிந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். ஆனால் உணவு கூடுவதால் பாஸ்பேட்டும் ஏறும், வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். மேலே 6 மி.மீ. கண் வலை போட்டீர்களா? ஒயர் போகிற இடைவெளியையும் சேர்த்து அடையுங்கள். பாறை வேலையன்று மிரண்டு குதிக்கிற மீன் அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே போகும்.