பொன்னானிக் கழிமுகம், சேத்துக்கரை: தூண்டில்ல என்னென்ன மாத்தணும்?

காங்கயம் தக்கை:
வணக்கமுங்க. இதுவரைக்கும் ஊர்க் குளமும் கொடுமுடிக் காவேரியும்தான் பழக்கம். 7 அடி ராடு, 3000 சைஸ் ரீல், 0.30 மி.மீ. நரம்பு, இரைக்குக் கடலைப்புண்ணாக்கு உருண்டை, மண்புழு. அடுத்த மாசம் மூணு பேரா பொன்னானி போறோம். பாரதப்புழையும் திரூர்ப்புழையும் சேர்ந்து கடல்ல விழற எடம். உள்பக்கக் கரை பூராம் சேறுன்னு சொல்றாங்க. எத்தனை மணிக்குப் போய் நின்னா மீன் கடிக்கும்? ஈயம் சேத்துல பொதைஞ்சா என்ன பண்றது? கொடுவா மீன் மேல ஆசை. இருக்கற சாமானை வெச்சுச் சமாளிக்க முடியுங்களா?

ஆழியாத்துக்கரை:
தம்பி, நம்ம ஆழியாத்துத் தண்ணியே சித்தூர்ப்புழை வழியா பாரதப்புழையில கலந்து அங்கதான் கடலுக்குப் போகுது. ஆனா இங்கத்த கணக்கு அங்க செல்லாது. குளத்துல வெடியால, பொழுதோடன்னு பார்ப்போம். கழிமுகத்துல மொதல்ல பார்க்க வேண்டியது ஓதம், அதாவது கடல் தண்ணி ஏறி எறங்கறது. ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம். ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல சுமார் 6 மணி நேரம். இன்னிக்கு 7 மணிக்கு உச்சம்னா நாளைக்குக் கிட்டத்தட்ட 7.50. அந்தக் கரையில ரெண்டு ஏத்தமும் ஒரே உசரத்துக்கு வராது, அதனால அட்டவணையில உசரத்தையும் சேர்த்துப் பாருங்க.

ஊர்க் காலண்டரே பாதி வேலையைச் செஞ்சுரும். அமாவாசை, பௌர்ணமி, அதுக்கப்புறம் ரெண்டு நாள் இழுப்பு பலமா இருக்கும். அஷ்டமி ஒட்டி தண்ணி சோம்பலா நிக்கும். மொதல் தடவை போறவங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நாள்தான் நல்லது. அமாவாசை இழுப்புல 60 கிராம் ஈயம்கூட உருண்டுட்டுப் போயிரும்.

அட்டவணை கொச்சிக்கோ பேப்பூருக்கோ போட்டிருக்கும். முகத்துல ஏறின தண்ணி உள்ள வந்து சேர நேரம் ஆகும். எவ்வளவு நேரம்னு அட்டவணை சொல்லாது, நீங்களேதான் கண்டுபிடிக்கணும். போன உடனே தண்ணி ஓரத்துல ஒரு குச்சியை ஊனுங்க. கால் மணிக்கு ஒருக்கா தண்ணி நிக்கற எடத்துல கோடு போடுங்க. கோடு நகராம நின்ன நேரத்தை அட்டவணையோட ஒப்பிட்டா அந்த எடத்துக்கான தாமதம் கெடைச்சிரும். அந்த வித்தியாசம் அடுத்த நாளைக்கும் ஏறக்குறைய உதவும்.

கடிக்கற நேரம்னு பார்த்தா ரெண்டு. வத்தின சேத்து மேல தண்ணி ஏற ஆரம்பிச்ச மொதல் ரெண்டு மணி நேரத்துல புழு, குட்டி நண்டு தேடி மீன் கரைக்கே வரும். ரொம்ப தூரம் வீச வேண்டியதில்ல, 15 மீட்டர்லயே நிக்கும். இன்னொன்னு வத்தத்தோட கடைசி நேரம். சின்ன ஓடைக எல்லாம் வடிஞ்சு பெரிய தண்ணியில விழற வாய் இருக்கும் பாருங்க, மடவை மீன் குஞ்சும் இறாலும் அங்கதான் வெளிய வரும். கொடுவா அந்த வாயிலயே காத்துக்கிட்டிருக்கும்.

ஆடி வெள்ளத்துல போகாதீங்க. ஆத்துத் தண்ணி உப்பைத் தள்ளிரும், குப்பையும் கூட வரும். வெள்ளம் வடிஞ்சு உப்பு திரும்பின பின்னாடி போனா நல்லது.

பவானி முக்கூடல்:
சாமான் பத்தி நான் சொல்றேனுங்க. 7 அடி ராடு ஓடை வாய்க்குப் போதும். தரையில இரை போட 9 அடி, 40-80 கிராம் வீசற ராடு வேணும். 3000 ரீல்ல 20 எல்பி (பவுண்டு) தாங்கற பிரெய்டு, அதாவது பின்னின நூல், 150 மீட்டர் சுத்திக்கங்க. முனையில லீடரா 40 எல்பி மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு) ஒரு மீட்டர் கட்டாயம். கொடுவாயோட செவுள் மூடி கத்தி மாதிரி, வாயும் அரம் மாதிரி, 0.30 நரம்பைத் தேய்ச்சே அறுத்துரும்.

கட்டற முறை: பிரெய்டுல ஓடற ஒரு வளையம், அதுக்குக் கீழ ஒரு பாசிமணி, அப்புறம் ஸ்விவல் (நரம்பு முறுக்காம சுழலற இணைப்பு), லீடர், 3/0 சர்க்கிள் முள்ளு (முனை உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள்ளு). ஈயத்தை வளையத்துல நேரா மாட்டக்கூடாது. 8 எல்பி பழைய நரம்பு 15 சென்டிமீட்டர் எடுத்து அதுல கட்டித் தொங்க விடுங்க. சிப்பிப் பாறையில சிக்கினா அந்த நரம்பு மட்டும் அறும், ஈயத்தோட போயிரும். மீனும் முள்ளும் கைக்கு வந்துரும்.

கூம்பு ஈயம் மணலுக்கு. சேத்துல அது ஆணி மாதிரி எறங்கிக்கும். தட்டையான, காசு மாதிரி அகல ஈயம் மேலாப்ல படுக்கும். நிக்கற அளவுக்கு எது கொறைஞ்ச எடையோ அதைப் போடுங்க: தண்ணி நின்னா 20 கிராம், ஓடினா 50. எடுக்கறப்ப வெடுக்குனு இழுக்காதீங்க. நரம்பை இறுக்கி ஒரு நிமிஷம் அப்படியே பிடிச்சா ஈயத்துக்கு அடியில தண்ணி பூந்து தானா விடும்.

அடுத்த தொல்லை நண்டு. தரையில கெடக்கற இரையை அஞ்சே நிமிஷத்துல பிச்சுரும். முள்ளுக்கு 5 சென்டிமீட்டர் மேல பட்டாணி அளவு தெர்மோகோல் உருண்டை கோத்தா இரை சேத்துக்கு மேல மிதக்கும். மீன் கண்ணுக்கும் படும்.

புண்ணாக்கை ஊர்லயே வெச்சிருங்க. மண்புழு உப்புத் தண்ணியில கொஞ்ச நேரத்துல தொவண்டு போயிரும். கிழங்கான் மீனுக்கு இறால் துண்டு, 6-ஆம் நம்பர் முள்ளு. கொடுவாய்க்கு உசுரு இறால் இல்லன்னா விரல் நீள மடவை. சர்க்கிள் முள்ளுக்குச் சுண்டக்கூடாது, நரம்பு ஓடறப்ப மெதுவா இறுக்கினாலே ஓரவாயில மாட்டிக்கும். நம்மாளுக தோக்கறதே இந்தச் சுண்டற பழக்கத்துலதானுங்க.

காங்கயம் தக்கை:
ரொம்ப நன்றிங்கண்ணா. உசுரு இறாலை எப்படிக் கோக்கறது? எவ்வளவு நேரம் தாங்கும்?

பவானி முக்கூடல்:
தலையில கொம்புக்குக் கீழ கருப்பா ஒண்ணு தெரியும். அது மேல முள்ளு படாம, கொம்புக்கு அடி ஓட்டுல குறுக்க குத்துங்க. கருப்புல பட்டா அப்பவே செத்துரும். பக்கெட்டுல அந்தக் கழிமுகத் தண்ணியே ஊத்தணும், குழாய்த் தண்ணி கூடாது. நெழல்ல வெச்சு, பேட்டரிக் காத்துப் பம்பு போட்டு, ஒரு மணிக்கு ஒருக்கா பாதித் தண்ணி மாத்துங்க.

ஆனைமலை:
மீனை விட முக்கியம் காலு. வெறுங்கால்ல எறங்காதீங்க, சேத்துக்குள்ள இருக்கற சிப்பி கிழிச்சுரும். கம்பூட்டும் வேண்டாம், சேறு அதை உறிஞ்சிப் பிடிச்சுக்கும். கயிறு கட்டற கான்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டுங்க. ஒரு தடியால குத்திப் பார்த்துட்டு அடி வைங்க, முழங்காலுக்கு மேல எறங்குதுன்னா திரும்பிருங்க. மாட்டிக்கிட்டா நேரா மேல இழுக்கக் கூடாது. பின்னால சாஞ்சு, ஒடம்பு பாரத்தைப் பரப்பி, காலை மெதுவா ஆட்டி ஆட்டித் தண்ணி உள்ள போக விட்டா வந்துரும்.

சேத்துத் திட்டுல நின்னா முன்னால இருக்கற தண்ணியை மட்டும் பார்க்காதீங்க. ஏத்தம் மொதல்ல நெறைக்கறது முதுகுப் பக்கத்துப் பள்ளத்தை. 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுன்னா அரை மீட்டர் ஏறறதுக்குள்ள 50 மீட்டர் சேறு மூடிரும். தண்ணி திரும்பறப்பவே கரையேறிருங்க.

தண்ணிக்குள்ள நடக்கறப்ப காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு நடந்தா திருக்கை வெலகிப் போயிரும். கடல் கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு, வெஷம் உண்டு. குறடு இல்லாம தொடாதீங்க. குத்திட்டா காயத்தைத் தாங்கற சூட்டுத் தண்ணியில அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைங்க, வலி அடங்கும். சூடு தாங்குதான்னு குத்துப்படாத கையில பார்த்துக்கங்க. முள்ளு உள்ள ஒடைஞ்சிருந்தா நேரா ஆஸ்பத்திரி.

ஒரு வேண்டுகோளுங்க. கொடுவா மொதல்ல ஆணா வளந்து பின்னாடி பொட்டையா மாறற மீன். ஒரு மீட்டர் வாக்குல இருக்கறது பெரும்பாலும் முட்டை வெக்கிற தாய்தான். அதைத் தண்ணிக்குள்ளயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டுருங்க. சாப்பாட்டுக்கு நடுத்தரம் ஒண்ணு போதும்.

ஆழியாத்துக்கரை:
ஒண்ணு விட்டுப்போச்சு. ரீலை அன்னிக்கு ராத்திரியே நல்ல தண்ணியில கழுவிருங்க. டிராகை (நரம்பு ஓடறதுக்குப் பிடி குடுக்கற ரீல் பிரேக்கை) முழுசா இறுக்கிட்டு, பூவாளித் தண்ணி மாதிரி மெதுவா ஊத்துங்க. வேகமா பீச்சினா உப்பு பேரிங்குக்குள்ள போயிரும். தொடைச்சுக் காஞ்ச பின்னாடி டிராகைத் தளத்தி வைங்க.