‘டென்னசி வால்ட்ஸ்’ பாடலின் கதை உண்மையில் நடந்ததா?

குன்னூர்வாசி:
எங்கள் ஊரில் ஆங்கிலோ-இந்தியர் வீட்டுத் திருமண வரவேற்புகளில், கேக் வெட்டி நடனம் தொடங்கியதும், பெரியவர்கள் விரும்பிக் கேட்கும் அமெரிக்கப் பாடல் ‘டென்னசி வால்ட்ஸ்’ (வால்ட்ஸ் என்பது ஜோடியாக ஆடும் நடனம், அதற்கான இசைக்கும் அதே பெயர்). காதலனோடு ஆடிக்கொண்டிருந்த பெண், எதிர்ப்பட்ட பழைய தோழியை அவனுக்கு அறிமுகம் செய்துவைக்கிறாள். அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடுகையில் தோழி அவனைத் தன்வசப்படுத்திக்கொள்கிறாள். இது எழுதியவரின் வாழ்விலேயே நடந்தது என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படித்தானா?

வெலிங்டன் ரசிகர்:
பாடலை உருவாக்கியவர்கள் சொன்ன கதையில் காதல் தோல்விக்கு இடமே இல்லை, ஐயா. 1946இல் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் பீ வீ கிங்கும் அவரது குழுவைச் சேர்ந்த ரெட் ஸ்டூவர்ட்டும் இசைக்கருவிகள் ஏற்றிய லாரியில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, வானொலியில் பாடகர் பில் மன்றோவின் ‘கென்டக்கி வால்ட்ஸ்’ ஒலித்தது. கென்டக்கிக்கு ஒன்று இருக்கும்போது டென்னசிக்கு ஏன் இல்லை என்ற பேச்சு எழவே, குழுவினர் முன்பிருந்தே வாசித்துவந்த ‘பெயரில்லா வால்ட்ஸ்’ என்ற மெட்டுக்கு, ஸ்டூவர்ட் ஒரு தீப்பெட்டியைப் பிரித்து அதன் அட்டையிலேயே வரிகளை எழுதினார். முதலில் மெட்டு, பிறகு மாநிலத்தின் பெயர், கடைசியில்தான் காதலனும் தோழியும். மெட்டுக்குப் பாட்டெழுதும் திரையுலகை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

கோத்தகிரி இசைத்தட்டு:
மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிங் குழுவின் இசைத்தட்டு 1948இல் ஆண் குரலில் வெளிவந்தது. நம் வரவேற்புகளில் நினைவுகூரப்படுவதோ 1950இல் பாடகி பேட்டி பேஜ் பாடியது. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு இருந்த இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்பவே அதைச் சேர்த்தார்கள். மறுபக்கம்தான் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. தம் குரலையே பலமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால், அவருக்கு அவரே துணைக்குரல் கொடுக்கிறார். அழுது புலம்பாமல், நடந்ததைச் சொல்வதுபோல் அவர் பாடுவதால்தான், கேட்பவர்கள் அதைச் சொந்தக் கதை என்று நம்பிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. காதலை இழந்தவர் பாட்டை 1965இல் டென்னசி தன் மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றதும் வேடிக்கைதான். அதைவிட விந்தை, அந்த இரவில் அவர்கள் ஆடிய வால்ட்ஸ் எந்த மெட்டில் இருந்தது என்பதைப் பாடல் சொல்வதே இல்லை. நாம் கேட்பது அதைப் பற்றிய நினைவை மட்டுமே.

கொடைக்கானல் கிட்டார்:
வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது மூன்று தட்டு நடை. முதல் தட்டில் அழுத்தம் விழ வேண்டும். எங்கள் பக்கத்து இளம் டிரம்மர்கள் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டிவிடுவதால், ஆடும் பெரியவர்கள் பாதியிலேயே நாற்காலியைத் தேடுகிறார்கள்.