நீல் தீவு ஒருநாள் பீச் டூர்: கைடு கொடுத்த வரிசை சரியா?

தேனிக்காரன்:
தைப்பூசத்தன்று அந்தமான் நீல் தீவில் (ஷஹீத் துவீப்) கைடோடு ஒருநாள் டூர் பேசியிருக்கிறோம். முதல் நாளே தீவுக்கு வந்து தங்கிவிடுவோம். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பையனுக்கு 7 வயது. கைடு அனுப்பிய திட்டம்: விடிகாலை சீதாப்பூர், 9 மணிக்கு நேச்சுரல் பிரிட்ஜ் (கடலோர இயற்கைப் பாறை வளைவு), சாப்பாட்டுக்குப் பிறகு 2.30-க்கு பரத்பூரில் கண்ணாடி அடித்தளப் படகும் ஸ்நார்கலிங்கும் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மேல் மிதந்து பவளம் பார்ப்பது), 5 மணிக்கு லக்ஷ்மண்பூரில் சூரிய அஸ்தமனம். அப்படியே சரி சொல்லிவிடலாமா?

ஓதம்பார்த்தவன்:
சொல்லாதீர்கள். நடுவில் உள்ள இரண்டும் இடம் மாற வேண்டும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். அந்தப் பக்கக் கடலில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் காலை ஒன்பதரை, பத்து வாக்கில் நீர் முழு ஏற்றம். பிற்பகல் மூன்றரை, நான்கு வாக்கில் முழு வற்றம். 9 மணிக்கு பிரிட்ஜுக்குப் போனால், நடக்க வேண்டிய பாறைத்தளம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கும். தூரத்தில் நின்று போட்டோ எடுத்துத் திரும்ப வேண்டியதுதான். 2.30-க்கு பரத்பூரில் நீர் வெகுதூரம் பின்வாங்கி, கரையோரப் பவளமே வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும். நீந்த ஆழம் இருக்காது. படகும் தள்ளி நிற்கும். பவளத் துண்டுகள் மேல் நடந்துபோய் ஏற வேண்டும். அப்பாவுக்கு அதுதான் பெரிய சிரமம்.

இப்படிக் கேளுங்கள்: 8.30 முதல் 11 வரை பரத்பூர். 2.30-க்கு பிரிட்ஜ். 4.15-க்குள் அங்கிருந்து கிளம்பி லக்ஷ்மண்பூர். அந்தச் சமயத்தில் அங்கே 5.20 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், அதனால் 5 மணிக்குப் போய்ச் சேர்வது தாமதம். 4.45-க்கு மணலில் இருக்க வேண்டும்.

தேதி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஓத நேரம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் அப்படியே தலைகீழ்: காலையில் வற்றம், பிற்பகலில் ஏற்றம். அப்போது கைடு போட்ட வரிசைதான் பொருந்தும். ஒரே அட்டவணையை எல்லா நாளும் எல்லோருக்கும் அனுப்புவதால்தான் இந்தக் குளறுபடி. சர்வே ஆஃப் இந்தியாவின் ஓத அட்டவணையில் போர்ட் பிளேருக்கான (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நேரத்தைப் பாருங்கள், நீலுக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

பவளக்கரை:
மேலே சொன்னது சரி. பிரிட்ஜ் பற்றிக் கொஞ்சம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து படியிறங்கி, பிறகு மேடுபள்ளமான இறந்த பவளப்பாறை மேல் நடக்க வேண்டும். பாசி படிந்த இடம் வழுக்கும், மற்ற இடம் காலைக் கிழிக்கும். ஹவாய் செருப்பு ஆகாது. பின்பக்கப் பட்டையுள்ள ரப்பர் செருப்பு அல்லது நனையக்கூடிய ஷூ வேண்டும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய், ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் திரும்பிவிடுங்கள். பௌர்ணமி ஓதம் வேகமாக ஏறும். அப்பா படிக்குக் கீழே முதல் திட்டு வரை வந்தால் போதும் என்பது என் கருத்து. நட்சத்திர மீன், கடல் வெள்ளரி எல்லாம் அங்குள்ள குட்டைகளிலும் தென்படலாம். கைடு கையில் எடுத்துக் காட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை அதே குட்டையில் உயிரோடு இருக்கட்டும்.

தேனிக்காரன்:
நன்றி. கைடிடம் பேசினேன், மாற்றித் தருகிறார். பையனை ஸ்நார்கலிங்குக்கு விடலாமா?

முக்குளிப்பான்:
விடலாம். ஆனால் மாஸ்க் அவன் முகத்துக்குப் பொருந்த வேண்டும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரியான அளவு. பெரியவர்கள் மாஸ்க்கைப் பட்டை இறுக்கிக் குழந்தைக்குப் போட்டால் கன்னத்து ஓரமாகத் தண்ணீர் புகும், பையன் பயந்துவிடுவான். ரப்பர் விளிம்புக்கு அடியில் ஒரு முடிக்கற்றை மாட்டினாலும் அதே கதி. லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே போகும் பட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் காதுவரை ஏறிவிடும். முதலில் இடுப்பளவு நீரில் பத்து நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகட்டும், பிறகு படகு.

பேரம் பேசும்போது "ஸ்நார்கலிங் உண்டு" என்ற ஒரு வார்த்தையோடு நிற்காதீர்கள். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், கரையிலிருந்தா படகிலிருந்தா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று மூன்றையும் கேளுங்கள். கண்ணாடிப் படகுக்குத் தனிக் கட்டணமா என்பதும் முன்பே தெரிய வேண்டும்.

பவளக்கரை:
சீதாப்பூரில் குளிக்க வேண்டாம், அலை கடுமையாக இருக்கும். விடிகாலையில் மணல் ஈ கடிக்கும், அதனால் முழுக்கால் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பையன் பொறுக்கும் சங்கு, பவளத் துண்டுகளைக் கிளம்பும் முன் கரையிலேயே போடச் சொல்லுங்கள். இறந்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டப்படி எடுத்துப்போகத் தடை, போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.